கிராமப் பாடசாலையின் மணி

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குச் செல்லும் சாலையில் பிரயாணம் செய்வோர்க்குப் பெருமுக்கல் குன்றை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. ஏரியும் வயலுமாய் விரிந்த நிலத்தினின்று அது பாறையாய் எழுந்து நிற்கிறது. உச்சியில் முக்தியாலீசுவரர் கோயில், அதில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள், அருகே பழைய கோட்டையின் சிதைவு. 1760-ம் வருஷத்தில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் இக்கோட்டையைத் தாக்கியபோது காயமுற்றார். 1782-ல் ஹைதர் அலியின் படையும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து இதைக் கைப்பற்றின. ஆங்கிலேயர் வாயில் நுழையாத பெயராதலால் ‘பெர்மகாயில்’ என்று எழுதி வைத்தார்கள். சரித்திர ஆசிரியர்கள் அவ்வளவோடு இவ்வூரைக் கைகழுவி விடுகிறார்கள். கோட்டையைப் பிடித்தவன் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. இப்பக்கத்துச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்கிய வாத்தியார்களின் பெயரை எழுதுவாரில்லை. இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டது அந்த வாத்தியாருடைய பாடசாலையைப் பற்றி.

பெருமுக்கல்லைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்ல மண்ணின் குணம் மாறுகிறது. கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பும் மரக்காணத்து உப்பளங்களும் வருகின்றன. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக ஏற்றி, வெயிலில் சுண்டவிட்டு, விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் கரையில் குவிக்கிறார்கள். தை மாசியில் தொடங்கும் இவ்வேலை சித்திரை வைகாசியில் உச்சத்தை அடைந்து, ஐப்பசி மழை இறங்கும்போது நின்றுபோகும். வெயில்தான் இத்தொழிலுக்கு மூலதனம். அதே வெயில்தான் தொழிலாளிக்குச் சத்துரு. ஆகையால் உப்பு வாருவோர் விடியுமுன்பே அளத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறப் பார்க்கிறார்கள். தாயும் தகப்பனும் அளத்துக்குப் போய்விட்ட வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை கண்விழிக்கும்போது அடுப்பில் பூனை தூங்கும். பாடசாலை மணியோ ஒன்பது மணிக்கு மேல்தான் அடிக்கும். விடியலுக்கும் அந்த மணிக்கும் இடையிலுள்ள மூன்று மணி நேரத்தில்தான் கிராமத்து ஆரம்பக் கல்வியின் வெற்றி தோல்வி பெரும்பாலும் தீர்மானமாகிறது என்பது நமது அபிப்பிராயம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு இத்தொல்லை அதிகமில்லை. அது ஊரின் கடிகாரத்தை ஒட்டியே நடந்தது. விஜயதசமியன்று பிள்ளையை உட்கார வைத்து, மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து எழுத்துப் பழக்குவார்கள். மணலில் கை திருந்திய பிறகு ஓலையும் எழுத்தாணியும் வரும். எண்சுவடியும் நீதி நூல்களும் மனப்பாடம். அமாவாசை பௌர்ணமிக்கு விடுமுறை. வாத்தியாருக்குச் சம்பளம் சில வீட்டில் காசாகவும் சில வீட்டில் நெல்லாகவும் வந்து சேரும். அறுவடைக் காலத்தில் பையன்கள் குறைந்தால் அவர் கோபிப்பதில்லை. அந்த அறுவடைதானே அவர் வீட்டுக் குதிரையும் நிரப்ப வேண்டும்? மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். எழும்பூரிலிருந்த அனாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை 1789-ல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த வழக்கத்தைக் கைக்கொண்டு, பின்னர் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அங்கே அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வழங்கிற்று. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து புகழ் பெற்றதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்!

கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுவதுமுள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரிய வந்தது. பெருமுக்கல் சேர்ந்திருந்த தென்னாற்காடு ஜில்லாவில் மட்டும் 875 பள்ளிகள், பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். அன்னியர் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தார்கள் என்போர்க்கு இக்கணக்கே போதிய பதில். அக்கணக்கோடு பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-ல் எழுதிய அறிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காலை ஆறு மணிக்குப் பள்ளி கூடும் என்கிறார் அவர். முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவன் முதல் பிரம்படி, வரவரக் கூடும். இங்கிலீஷ் துணி வந்திறங்கி நெசவு நொடித்த ஊர்களில் ஜனங்களின் ஏழ்மையால் பள்ளிகள் அழிந்து வருவதையும் ஒளிக்காமல் எழுதினார். பிள்ளையின் கைகால் சிறு வேலைக்கு உதவும் பருவம் வந்ததும் ஏழைகள் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள் என்பதும் அதில் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன் எழுதிய இந்த வாக்கியத்தை உப்பளத்துக் கரையில் நின்று படித்தால் பழையதாகத் தோன்றாது.

திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்து பேசுவோர் ஒன்றை விழுங்கிவிட்டுப் பேசுகிறார்கள். அத்திண்ணையில் பெண்குழந்தைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகளுக்கு அதில் பெரும்பாலும் இடமேயில்லை. கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாற்றில் அவர்களுக்கென இலவசப் பள்ளி தொடங்கியதும், 1920-க்குப் பின் லேபர் இலாகா தனிப் பள்ளிகள் வைத்ததும் அக்கதவு மூடியிருந்ததற்குச் சாட்சியங்கள். ஊர்க் கடிகாரத்தோடு ஒத்து நடந்த பள்ளி, ஊரின் பாதிக்குத்தான் மணியடித்தது.

எல்லோருக்கும் மணியடிக்க முன்வந்தது சர்க்கார் பாடசாலை. அதன் வரலாற்றை நாம் விஸ்தரிக்கப் போவதில்லை. 1854-ம் வருஷத்துக் கல்வி உத்தரவு, உதவிப்பணம், ஜில்லா போர்டுகள் என்று மெள்ள மெள்ள அது வளர்ந்தது. 1920-ல் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. கட்டாயக் கல்வியை ஸ்தல ஸ்தாபனங்கள் தங்கள் எல்லைக்குள் ஏற்படுத்தலாம் என்று அச்சட்டம் அனுமதித்தது. ‘லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் கோர்ட்டில் நிற்பவனுக்குத் தெரியும். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம் பத்து வருஷத்துக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. அங்கேயும் ‘முயல’ என்ற சொல் சந்தில் புகுந்துகொண்டது. 2002-ல் சாசனத்தைத் திருத்தி, 2009-ல் சட்டமியற்றி, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்குக் கொண்டு வந்த பிறகே அது குழந்தையின் உரிமையாயிற்று. ‘லாம்’ என்பது ‘வேண்டும்’ ஆவதற்குத் தொண்ணூறு வருஷம் பிடித்தது.

இதற்கு நடுவே 1953-ல் நடந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. முதன்மந்திரி இராஜாஜி கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தார். ஊரின் நேரத்துக்குப் பள்ளியின் நேரத்தை இசைவிக்கும் நோக்கம் அதில் இல்லாமலில்லை. ஆயினும் உப்பு வாருபவர் மகனுக்கு மிச்ச நேரம் என்பது எங்கே கழியும்? பலகையும் கூடையுமாய் அளத்தில்தான் கழியும். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பை அள்ளிச் சிறை புகுந்த பெரியவர், உப்பளத்துப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்த்திருந்தால் வேறு முடிவுக்கு வந்திருப்பார் என்றே நாம் நினைக்கிறோம். அடுத்த வருஷமே காமராஜர் பதவிக்கு வந்து அத்திட்டத்தைக் கைவிட்டார்.

காமராஜர் வேறு வழியில் போனார். பிள்ளை நடக்கும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும். பள்ளியில் சோறு இருக்க வேண்டும். அருகே பள்ளியில்லாத சிற்றூர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956-ல் மதிய உணவு ஆரம்பமாயிற்று. சோறு போட்டுப் படிக்க வைக்கும் யோசனைக்கு முன்மாதிரி உண்டு: தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளைக்கு ஓரணாச் செலவுக்கு மேற்படாமல் நடத்திப் பார்த்தது. சில வருஷங்களில் அது நின்றது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். இத்தனைக்கும் பிறகு பாக்கி நின்றது அந்தக் காலை நேரம்.

இன்றைய ஈராசிரியர் பள்ளியின் ஒரு நாளைப் பார்ப்போம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டத்தின் கணக்கு. வகுப்புகளோ ஐந்து. பெரும்பாலும் ஒரு கட்டடம், ஒரு வேப்பமரம், ஒரு கைப்பம்பு. எட்டு மணிக்கெல்லாம் அடுப்படியில் புகை தெரியும். ஒன்பது மணியளவில் தமிழ்த்தாய் வாழ்த்து. பிறகு செய்தித்தாள் வாசிப்பு, திருக்குறள். முதல் மூன்று வகுப்பும் ஒருவரிடம், நான்காவதும் ஐந்தாவதும் தலைமையாசிரியரிடம். ஒரு மூலையில் அட்டைகளை வைத்து எழுத்துக் கூட்டுவார்கள், மறு மூலையில் வகுத்தல் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒன்றாம் வகுப்புக்காரனுக்கு ‘ழ’கரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். பழைய சட்டாம்பிள்ளை பிரம்பில்லாமல் திரும்பி வந்துவிட்டான்! பகலில் சோறும் முட்டையும்; பிறகு சிறியவர்களுக்குக் கண் செருகும், யாரும் எழுப்புவதில்லை. நாலு மணிக்கு மேல் நாட்டுப்பண் பாடி வீட்டுக்குப் போவார்கள். ஆசிரியர்களுக்கு அப்போதும் வேலை முடிவதில்லை. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, உணவுக் கணக்கு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரம் எல்லாம் காத்திருக்கும்.

இவ்விருவரில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடும். 2009-ம் வருஷத்துச் சட்டம் ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு கையால் தடுத்து, ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை நீங்கலாக என்று மறு கையால் கதவைத் திறந்து வைக்கிறது. தேர்தல் வேலையை விடுமுறை நாட்களிலும் பாடமில்லாத நேரத்திலும்தான் வாங்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2007-லேயே சொல்லியிருக்கிறது. பெரிய பள்ளியில் முப்பது பேரில் ஒருவர் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒருவர் போனால் பாதிப் பள்ளி போய்விடுகிறது.

காலை நேரத்துக்கு வருவோம். 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கொன்றாகச் சமைப்பவர்கள் உள்ளூர் மகளிர் குழுவினர். நகரத்தில் உட்கார்ந்து இதை ஏளனம் செய்தவர்கள் உண்டு. அளத்துக்குப் போகும் தாயைக் கேட்டால் இதன் மதிப்புத் தெரியும். மன்றோ காலத்திலிருந்து யாரும் அடைக்காத அந்த மூன்று மணி நேரத்தின் கடைசி ஒரு மணியை இது அடைத்தது. எந்தக் கட்சி மந்திரிசபை இருந்தாலும் இதில் கை வைக்க நினைக்கலாகாது.

பள்ளி மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்கூடாகப் பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் தொற்றுக்காக மூடிய ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதி வரை திறக்கவில்லை. கைப்பேசி வழியே பாடம் என்றார்கள். வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். இழந்ததை மீட்க ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தை 2021 அக்டோபர் 27-ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். மாலையில் தெருவிலும் திண்ணையிலும் தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். திண்ணைப் பள்ளி போன வழியே திரும்பி வந்தது. இம்முறை எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும்.

இப்போது இச்சிறு பள்ளிகளுக்கு வந்திருக்கும் ஆபத்து வேறு. தலை எண்ணிக்கை குறைந்துவிட்டது, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை நூல்நிலையங்களாக மாற்றினார்கள். பிள்ளையே இல்லாத இடத்தில் பள்ளி எதற்கு என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. பிறப்பு குறைந்திருக்கிறது என்பதும், வேன் அனுப்பும் தனியார் பள்ளிகள் பெற்றோரை இழுக்கின்றன என்பதும் மெய்தான். ஆனால் பூஜ்யத்துக்குச் சொன்ன நியாயத்தைப் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நீட்டுவது வேறு சங்கதி. அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று பார்க்க வேண்டும். வேனுக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளே கடைசியில் மிஞ்சுகிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் ஆரம்பப் பள்ளி என்பது சட்டத்தின் விதி. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது ஸ்கேலால் அளப்பது. பூமியில் அது கிழக்குக் கடற்கரைச் சாலையின் லாரிகளையும், மழைக்காலத்தில் நிரம்பிய ஓடைகளையும் தாண்டுவது. கைப்பிடித்துக் கொண்டுபோய் விடத் தாய் வீட்டில் இருந்தாலல்லவா?

கல்வி இலாகாவுக்கு நாம் விடுக்கும் கோரிக்கை சிறியது. பள்ளியை மூடலாமா என்று விசாரிக்க வரும் அதிகாரி, பத்து மணிக்குக் காரில் வந்து பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போக வேண்டாம். பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு அவ்வூருக்கு வரட்டும். தாய் தகப்பன் அளத்துக்குக் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, அவ்வீட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சேர்க்க உத்தேசித்திருக்கும் பள்ளி வரை நடந்து போகட்டும். காலைப் பலகாரம் ஆறுவதற்குள் இருவரும் போய்ச் சேர்ந்தார்களா என்பதைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடட்டும்.