விழ மறுக்கும் பந்து

அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களை இணையத்தில் பார்க்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சில பிட்சர்கள் எறியும் ஃபாஸ்ட்பால், மட்டைக்கு அருகே வந்ததும் மேலே எழும்புகிறது என்கிறார்களே, நிஜமா?"

நிஜமில்லை. கீழ்நோக்கி எறியப்பட்ட ஃபாஸ்ட்பால் பாதி வழியில் மனம் மாறி மேலே ஏறுவதில்லை. ஆனால் அது எழும்பியதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லும் மட்டையாளரும் பொய் சொல்லவில்லை. இதை விளங்கிக்கொள்ள, 2011இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கு எறிந்த கிரெய்க் கிம்ப்ரெல்லைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில்லில் பிறந்தவர். கல்லூரிக் காலத்தில் பாதத்தில் எலும்பு முறிந்தபோது முழங்காலிட்டபடியே எறிந்து பழகியவர். 2010 முடிவில் பில்லி வாக்னர் ஓய்வு பெற, அவர் வகித்த குளோசர் பொறுப்பு 22 வயது கிம்ப்ரெல்லிடம் வந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் அணி சிறு வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது, அதைக் கட்டிக்காக்க வருபவர்தான் குளோசர். காத்துவிட்டால் கணக்கில் ஒரு 'சேவ்'. கிம்ப்ரெல் அந்த ஆண்டு 46 சேவ் எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு நெஃப்டாலி ஃபெலிஸ் எடுத்த 40தான் அதுவரை புதுமுகங்களின் உச்சம். நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் விருதும் ஒருமனதாக அவருக்கே கிடைத்தது.

பத்திரிகைகள் கொண்டாடிய இந்த 46 என்னைப் பெரிதாக ஈர்க்கவில்லை. கடைசி இன்னிங்ஸை மூன்று ரன் முன்னிலையில் தொடங்கி, இரண்டு ரன் விட்டுக்கொடுத்து முடித்தாலும் சேவ்தான். அணி எத்தனை முறை சிறு வித்தியாசத்தில் முன்னிலை பெறுகிறதோ, வாய்ப்பும் அத்தனை முறைதான். பார்க்க வேண்டிய எண் வேறு. அந்த ஆண்டு அவர் எறிந்தது 77 இன்னிங்ஸ், அதாவது 231 அவுட். அவற்றில் 127 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மட்டையாளர் பந்தைக் களத்துக்குள் அடிக்காமலேயே வெளியேறியவை. பாதிக்கு மேற்பட்ட அவுட்களில் களத்தடுப்பாளர்களுக்கு வேலையே இல்லை. உலகின் தேர்ந்த மட்டையாளர்கள் ஏன் இப்படிக் காற்றை வெட்டினார்கள்?

வேகம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவருடைய ஃபாஸ்ட்பால் மணிக்கு ஏறக்குறைய 154 கி.மீ. வேகம். ஆனால் அந்த வேகத்தில் எறிந்து அடிவாங்குபவர்கள் நிறையப் பேர். வேகத்தோடு சேர்ந்து நடக்கும் இன்னொன்று இருக்கிறது. என்னை மயக்குவது அதுதான்.

பந்து கையை விட்டு மட்டையை அடைய ஆகும் நேரம் சுமார் 0.4 நொடி. எறிந்த திசையில் ஒரு நேர்கோடு இழுத்துக்கொள்ளுங்கள். சுழற்சியே இல்லாத பந்து, ஈர்ப்பால் அந்தக் கோட்டிலிருந்து முக்கால் மீட்டருக்கும் சற்று அதிகமாக இறங்கிவிடும். ஃபாஸ்ட்பால் சுழற்சியோடு வருகிறது. விரல் நுனிகள் அதன் பின்புறத்தைக் கீழ்நோக்கி வருடி விடுவதால், நிமிடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் பின்னோக்கிச் சுழல்கிறது. தையல் புடைப்புகள் காற்றைப் பற்றி இழுக்க, பந்தின் பின்னால் விலகும் காற்று கீழே தள்ளப்படுகிறது. பதிலுக்குக் காற்று பந்தை மேலே தள்ளுகிறது. இந்தத் தள்ளல் பந்தின் எடையை வெல்லாது, ஆனால் இறக்கத்தில் ஏறக்குறைய பாதியை, 40 சென்டிமீட்டர் போல, மிச்சப்படுத்திவிடும். சில பிட்சர்களுக்கு அதற்கும் மேல் ஐந்தாறு சென்டிமீட்டர். மட்டையின் தடித்த பகுதியின் விட்டமே 6.6 சென்டிமீட்டர்தான் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இனி மட்டையாளரின் பக்கம் வருவோம். மட்டையைச் சுழற்றவே 0.15 நொடி போய்விடும். ஆகவே பந்து பாதி தூரம் வரும்போதே முடிவெடுத்தாக வேண்டும். மீதி வழியை அவர் பார்ப்பதைவிட ஊகிப்பதே அதிகம். இருட்டில் மாடிப்படி இறங்குவதுபோலத்தான். பிறந்ததிலிருந்து பத்துப் படி இறங்கிப் பழகிய வீட்டில், இன்றிரவு ஒன்பதே படி. பத்தாவதுக்காகக் காலைத் தாழ்த்துகிறீர்கள். தரை எழும்பி வந்து பாதத்தை அறைகிறது. தரை அசையவில்லை. ஆனால் அறை வாங்கிய பாதத்திடம் அதைச் சொல்லிப் பயனில்லை. கிம்ப்ரெல்லிடம் இன்னொரு படிக்கட்டும் இருந்தது. அதே வாசல், அதே இருட்டு. ஆனால் பதினொரு படி. அதுதான் அவருடைய கர்வ்பால். வேகத்தில் சுமார் 15 கி.மீ. குறைவு, சுழற்சி நேர் எதிர்த்திசை. காற்று அதைக் கீழே அழுத்துகிறது. இன்று ஒன்பதா பதினொன்றா என்பதை நான்காவது படியில் கால் இருக்கும்போதே சொல்லியாக வேண்டும். தவறினால் முட்டி பெயரும்.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் டெர்ரி பாஹில் இந்த மாயையை ஆராய்ந்தவர். தேர்ந்த ஆட்டக்காரரின் கண்ணால்கூடப் பந்தைக் கடைசிவரை தொடர முடியாது என்று 1980களில் காட்டினார். பந்தின் வேகத்தை மட்டையாளர் சற்றுக் குறைத்து மதிப்பிட்டாலே போதும் என்பது அவர் தந்த விளக்கம். நினைத்ததைவிட முன்னதாக வந்துவிடும் பந்துக்கு, இறங்க நேரம் குறைவு. அதனால் நினைத்ததைவிட மேலே இருக்கும்.

கிம்ப்ரெல்லின் உடலமைப்பும் இதற்குத் துணை நின்றது. அவருடைய ஆறடி, பிட்சர்களிடையே குட்டையான உயரம். கையையும் தாழ்வாகக் கொண்டுவந்து எறிபவர். தாழ்விலிருந்து கிளம்பும் பந்து செங்குத்தாக இறங்கத் தேவையில்லை, தட்டையாகவே வந்து சேரும்.

இந்தச் சுழற்சி விசையின் வரலாறு என்று கேட்டால், சுழலும் டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டனே 17ஆம் நூற்றாண்டில் கவனித்திருக்கிறார். அந்த விளைவின் பெயர் என்னவோ 1850களில் ஆராய்ந்த ஜெர்மானியர் குஸ்டாவ் மக்னஸுக்குப் போயிற்று.

இப்போது ஒளிபரப்புகளில் சுழற்சி எண்ணைக் காட்டி வியக்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பந்து போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழன்றால், மூவாயிரம் சுற்று சுழன்றாலும் மேலே தூக்கும் விசை துளியும் கிடைக்காது. அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாத எண்ணால் பாதிக் கதைதான் தெரியும்.

மாயைக்கும் எல்லை உண்டு. மட்டையாளர் மட்டையை வீசினால்தான் அது பலிக்கும். 2011 செப்டம்பர் 28, பருவத்தின் கடைசி நாள். ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 3-2 என்ற முன்னிலையைக் காக்க வந்த கிம்ப்ரெல்லுக்குப் பந்து இலக்குக்குள் விழவில்லை. எதிரணி பொறுமையாகக் காத்து நின்றது. ஆட்டம் சமனாகி, 13ஆவது இன்னிங்ஸில் அட்லாண்டா தோற்றது. அடுத்த சுற்று வாய்ப்பும் கைநழுவிப் போயிற்று.

புதுமுகம் என்பதால் ஏமாந்தார்கள், பழகினால் அடித்துவிடுவார்கள் என்ற பேச்சும் எழுந்தது. மறு ஆண்டு எல்லா அணிகளும் அவர் பந்தைக் காணொளியில் அலசிவிட்டுத்தான் வந்தன. 2012இல் கிம்ப்ரெல் எடுத்த 188 அவுட்டில் 116 ஸ்ட்ரைக்அவுட். விகிதம் முந்தைய ஆண்டைவிட அதிகம்.