பொரி போட்டா வர்ற மீன் மட்டும்தானா? தாமிரபரணி மீன்களை எப்படிக் கணக்கெடுக்கிறாங்க?

விக்கிரமசிங்கபுரம் பக்கம் போனவங்களுக்கு இந்தக் காட்சி தெரிஞ்சிருக்கும். பாபநாசம் கோயில் படித்துறையில் ஒரு கை பொரி போட்டால், பெரிய பெரிய மீன்கள் கூட்டமாக மேலே வரும். செல்ஃபி எடுத்துட்டு, ஆத்துல மீனுக்குப் பஞ்சமே இல்லைன்னு நினைச்சுக்கிட்டுக் கிளம்பிடுவோம்.

ஆனால், ஆறு நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்க இந்த மீன்களை மட்டும் பார்த்தால் போதாது. கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீரில் திரியும் விரல் நீள மீன்களையும் எண்ண வேண்டும்.

கரையோரம் ஏன் முக்கியம்?

அங்கே ஆழம் குறைவு, வேகமும் குறைவு. பெரிய மீன்கள் அவ்வளவு எளிதில் வர முடியாது. அதனால் மீன் குஞ்சுகளும் சின்னக் கெண்டைகளும் அயிரைகளும் வளரும் இடம் அதுதான்.

எப்படி எண்ணுவாங்க?

மணல் கரை என்றால், வலையின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து கரையை நோக்கி இழுப்பார்கள். பாறைப் பகுதியில் இது நடக்காது. அங்கே வீச்சுவலை, கைவலை. சிக்கிய மீன்களை இனம் பிரித்து, எண்ணி, அளந்து, போட்டோ எடுத்துத் திரும்ப விடுவார்கள். ஆழம், நீரின் வேகம், அடியில் மணலா கல்லா என்பதையும் குறிப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே வலை, அதே அளவு முயற்சி இருக்கணும். இல்லைன்னா போன வருஷத்தோடு ஒப்பிட முடியாது.

நேரமும் முக்கியம். வெனிசுலாவின் சினாருகோ ஆற்று மணல் திட்டுகளில் நடந்த ஆய்வில், பகலில் சிக்கிய மீன் கூட்டமும் இரவில் சிக்கியதும் வேறு வேறாக இருந்தன. பகலில் மட்டும் வலை போட்டால், பாதிக் கதைதான் கிடைக்கும்.

நமக்கு என்ன நஷ்டம்?

1950-களில் மீனியல் அறிஞர் ஈ.ஜி.சைலஸ் ஒரு சின்னக் கெண்டையை விவரித்து, அதற்கு இந்த ஆற்றின் பெயரையே வைத்தார். இன்றைய அறிவியல் பெயர் 'டாகின்சியா தாம்ப்ரபர்ணியை'. தாமிரபரணிப் படுகைக்கே உரிய மீன் இது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இருக்கிறது. இங்கே போச்சுன்னா, உலகத்திலேயே போச்சு.

ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மைய ஆய்வாளர்கள் இந்த மலை ஓடைகளில் மீன்களைத் தேடியிருக்கிறார்கள். மேல் தாமிரபரணியின் கன்னிக்கட்டி பெயரிலேயே ஒரு மீன் இனம் இருக்கிறது.

என்ன ஆபத்து?

அணைகளும் எட்டு அணைக்கட்டுகளும் மீன்களின் வழியை மறிக்கின்றன. மணல் அள்ளினால் கரையோர வாழிடமே போய்விடும். பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகள் அடியில் படிந்து மணலையும் கல்லையும் மூடுகின்றன. திலாப்பியா, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற வெளியூர் மீன்கள் நம்ம ஊர் மீன்களின் இடத்தையும் இரையையும் பறிக்கும்.

நாம என்ன செய்யலாம்?

வீட்டுத் தொட்டி மீனை ஆற்றில் விடாதீங்க. துணியைக் கரையிலேயே குப்பைத் தொட்டியில் போடுங்க. அடுத்த முறை படித்துறைக்குப் போனால், பொரியைப் போட்டதோடு நிற்காமல் ஓரத்துத் தண்ணீரையும் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்க. கணக்கில் வர வேண்டிய மீன்கள் அங்கேயும் இருக்கு.