இரவல் நூலும் தவணைத் தேதியும்

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. வாயிலில் உள்ள வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு நாளிதழையோ அலமாரியில் உள்ள நூலையோ யாரும் எடுத்துப் படிக்கலாம். நூலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால்தான் அட்டை தேவைப்படும்.

இந்த உரிமைக்கு அடித்தளம் 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது. இச்சட்டப்படி சொத்து வரியுடன் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி செலுத்தும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கு முன்பே பணம் கொடுத்தவர் என்பதால், உறுப்பினர் கட்டணம் பெயரளவுக்குத்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

உறுப்பினராகச் சேர விரும்புபவர் அருகிலுள்ள கிளை நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ படிவம் பெற்று நிரப்பி, முகவரிச் சான்றுடன் கொடுக்க வேண்டும். கட்ட வேண்டிய பணம் இரு பகுதியாக இருக்கும். காப்புத்தொகை வாசகருடையதே, நூலகம் அதை வைத்திருக்க மட்டும் செய்கிறது. ஆண்டுச் சந்தா திரும்ப வராது. ஒரே நேரத்தில் எத்தனை நூல் எடுக்க விரும்புகிறாரோ அதற்கேற்பக் காப்புத்தொகை கூடும்.

இரவல் கொடுக்கும் முறைகளில் இந்திய நூலகங்கள் நெடுங்காலம் கையாண்டது பிரௌன் முறை. அமெரிக்க நூலகர் நீனா பிரௌனின் பெயரால் வழங்கும் இந்த முறையில், எத்தனை நூல் எடுக்க அனுமதியோ அத்தனை சீட்டுகள் வாசகரிடம் இருக்கும். ஒவ்வொரு சீட்டும் சிறு பை வடிவில் அமைந்தது. நூலின் உள்ளே செருகியிருக்கும் நூல் அட்டையை நூலகர் உருவி, அந்தப் பைக்குள் வைப்பார். நூலில் ஒட்டியுள்ள தாளில் தவணைத் தேதியைக் குத்துவார். அட்டையும் சீட்டும் தேதிவாரியாகத் தட்டில் அடுக்கப்படும். நூல் திரும்பி வந்ததும் தேதியைப் பார்த்து அட்டையைத் தேடியெடுத்து நூலில் செருகிவிட்டு, சீட்டை வாசகரிடம் கொடுத்துவிடுவார். பேரேடு எழுத வேண்டியதில்லை. ஒருவர் என்னென்ன படித்தார் என்ற தடமும் எஞ்சுவதில்லை. வாசகரின் அந்தரங்கத்துக்கு இதைவிட நல்ல காவல் அமைவது அரிது. கணினியும் பட்டைக் குறியீடும் வந்துவிட்ட நூலகங்கள் இந்தப் பண்பை இழந்துவிடக் கூடாது.

தவணை பெரும்பாலும் இரண்டு வாரம். வேறு யாரும் கேட்காத நூலாக இருந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். தவணை தாண்டினால் நாள் கணக்கில் சிறு தொகை தண்டமாக வசூலிக்கப்படும். இதைத் தண்டனையாக நினைத்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் கிளை நூலகத்தில் ஒரு நாவலுக்குப் பெரும்பாலும் ஒரே படிதான் இருக்கும். அதை ஒருவர் தவணைக்கு மேல் மூன்று மாதம் வைத்திருந்தால், அதற்குள் படித்திருக்கக்கூடிய ஆறு பேரின் முறை போய்விடுகிறது.

எல்லா நூல்களும் இரவலுக்கு உரியவை அல்ல. அகராதி, கலைக்களஞ்சியம், நிலப்படத் தொகுப்பு போன்ற பார்வை நூல்கள் வெளியே போகா. அவற்றை ஒருவர் சில நிமிடம் புரட்டினாலே வேலை முடிந்துவிடும், அடுத்தவர் எந்த நேரத்திலும் வரலாம். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படியைப் பெற்றுப் பாதுகாக்கும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. வருங்காலத்துக்காக வைக்கும் அந்தப் படிகளை அங்கேயே இருந்துதான் படிக்க முடியும். இரவலுக்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது.

எடுத்த நூல் தொலைந்தாலோ கிழிந்தாலோ அதே நூலின் வேறொரு படியை வாங்கித் தரலாம்; கிடைக்காவிட்டால் நூலகம் கணக்கிடும் தொகையைக் கட்ட வேண்டும். நூலகரிடம் உடனே சொல்லிவிடுவது நல்லது, தாமதத் தொகையாவது ஏறாமல் இருக்கும். ஊர் மாறுபவரோ விலக விரும்புபவரோ எல்லா நூல்களையும் அட்டையையும் ஒப்படைத்து, காப்புத்தொகைக்கான ரசீதுடன் விண்ணப்பம் கொடுத்தால் நிலுவை போக மீதித் தொகை திரும்பக் கிடைக்கும்.