நம் பிள்ளைகளுக்கும் உண்டு அந்த வகுப்பறை

ஜவ்வாது மலையிலிருந்து ஆட்கள் வெளியூர் போவது புதிதல்ல. சாமை அறுவடை முடிந்த கையோடு கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். கேரளத்துக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். மேஸ்திரி கையில் திணித்த முன்பணத்துக்காக ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் நம் மலைக்காரர்களும் இருந்தார்கள்.

மலையை விட்டுப் போவதற்கு நமக்குப் பழகிப்போன வழிகள் இவைதான். இன்னொரு வழியும் இருக்கிறது. நகரத்துத் தனியார் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் அதில் ஆண்டுதோறும் போய் வருகிறார்கள். ஜமுனாமரத்தூர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வெளிநாட்டுப் பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ சில மாதங்கள் மொழி உதவி ஆசிரியராக வேலை பார்க்கும் வாய்ப்பு அது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

என்ன வேலை இது?

முதலில் பிரான்சு. அங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியருக்கு உதவியாக இருக்கப் பல நாடுகளிலிருந்து இளைஞர்களை எடுக்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் எடுக்கிறார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம் வேலை. இலக்கணம் நடத்துவது, மதிப்பெண் போடுவது எல்லாம் அங்குள்ள ஆசிரியரின் பொறுப்பு. உதவியாளர் பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்து வாய் திறந்து பேச வைக்க வேண்டும். தன் ஊர், சாப்பாடு, திருவிழா, தேர்தல் என்று எதைப் பற்றியும் பேசலாம். மாதம் சுமார் 800 யூரோ கைக்கு வரும். விமானக் கட்டணம் நம் செலவு. பிரெஞ்சு மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து அமெரிக்கா. ஃபுல்பிரைட் திட்டத்தின் கீழ் அயல்மொழி உதவி ஆசிரியர் என்று ஒரு பிரிவு உண்டு. இந்தியாவில் இதைக் கவனிப்பது 1950-ல் தொடங்கிய அமெரிக்க இந்தியக் கல்வி அறக்கட்டளை. அதற்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. இங்கே நாம் கற்பிக்கப் போவது ஆங்கிலத்தை அல்ல, இந்திய மொழி ஒன்றை. ஒன்பது மாதம் ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கி, வகுப்பில் உதவியபடி, தாமும் அங்கே சில பாடங்களைப் படிக்கலாம். பயணச் செலவு, மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் திட்டத்திலேயே அடங்கும். எந்தெந்த இந்திய மொழிகள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முடித்த பிறகு ஊர் திரும்பியாக வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டு திட்டங்களுக்கும் பொதுவான ஒன்றை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அங்கே தேடுவது ஒரு மொழியைத் தன் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசத் தெரிந்த ஆளை. மலையிலிருந்து கீழே கல்லூரிக்குப் போன பிள்ளை முதல் நாள் வாய் திறந்ததும் வகுப்பில் சிரிப்பு எழுகிறது. "இது என்ன தமிழ்?" என்று கேட்கிறார்கள். அதன் பிறகு மூன்று வருடம் அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில் வாய் மூடி உட்கார்ந்துவிடுகிறது. சேரித் தமிழுக்கும் இதே கதிதான். வெளிநாட்டு வகுப்பறையில் தமிழ் படிக்க வருகிறவர்களுக்கோ மேடைத் தமிழோடு வீட்டில் பேசும் தமிழும் வேண்டும். சாமை குத்துவது, தேன் எடுப்பது, கடுக்காய் பொறுக்குவது எல்லாம் அங்கே பாடம். இங்கே நாம் எதற்காக வெட்கப்படும்படி ஆக்கப்பட்டோமோ, அதுவே அங்கே நம் தகுதி.

நமக்கு முன்னால் போனவர்கள்

மொழியைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் கடந்தவர்கள் நம் முன்னோரில் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா போய், அங்கே நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்கள் வழக்கு என்று வந்து நின்றால், அவர்கள் சொல்வதை நீதிபதிக்குப் புரிய வைக்க ஆள் தேவைப்பட்ட காலம் அது. காந்தி தமிழில் கையெழுத்துப் போடக் கற்றதே இவரிடம்தான் என்று சொல்லப்படுவதுண்டு. அதே சீனிவாசன் 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு சேர்ந்து நம் மக்களுக்காக வாதாடினார்.

அம்பேத்கர் 1913 ஜூலையில் நியூயார்க் போய் இறங்கியபோது அவருக்கு வயது 22. பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு. அதில் சாப்பாட்டைக் குறைத்து, பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, சுமார் 2,000 புத்தகங்கள் சேர்த்தார். அதைவிடப் பெரிதாக அங்கே அவருக்குக் கிடைத்தது மற்றவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது, ஒரே விடுதியில் படுப்பது, தடையில்லாமல் நூலகத்துக்குள் நடப்பது. 1917-ல் திரும்பி வந்து பரோடாவில் பெரிய வேலையில் சேர்ந்தவருக்கு வாடகைக்கு வீடு தர ஆளில்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். வெளியே நான்கு ஆண்டுகள் மனிதராக நடந்துவிட்டு வந்தவர் அந்த விரட்டலை விதி என்று ஏற்கவில்லை. வெளிநாட்டு வாழ்க்கை ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய பெரிய சொத்து அதுதான்.

சனியும் ஞாயிறும்

நம் மலையில் சனி, ஞாயிறு என்றால் கீழேயிருந்து வண்டிகள் ஏறி வரும். பீமன் நீர்வீழ்ச்சியில் குளிப்பார்கள், கோமுட்டேரியில் படகு விடுவார்கள், காவலூர் வானாய்வு மையத்தில் நட்சத்திரம் பார்ப்பார்கள். நம் பிள்ளைகள் சாலையோரம் தேனும் சீத்தாப்பழமும் விற்றபடி அவர்களுக்கு வழி காட்டுவார்கள். ஊர் சுற்றுவது என்பது மற்றவர்கள் செய்வது, நாம் அதற்குக் கூலி வேலை பார்ப்பது என்றே பழகிவிட்டோம்.

பிரான்சில் வாரத்துக்கு 12 மணி நேர வேலை என்றால் பல உதவியாளர்களுக்கு மூன்று, நான்கு நாளில் வேலை முடிந்துவிடும். ஆறு, ஏழு வாரங்களுக்கு ஒரு முறை பள்ளிகளுக்கு இரண்டு வார விடுமுறையும் வரும். அப்போது அவர்கள் பயணம் போகிறார்கள். வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். எனவே இரவுப் பேருந்து, ஒரே அறையில் ஆறு எட்டுப் பேர் படுக்கும் இளைஞர் விடுதி, பையில் கட்டிக்கொண்டு போன ரொட்டி என்றுதான் பயணம் நடக்கும். அங்கே வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லூவர் போன்ற அரசு அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஈஃபில் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அதோடு நம் பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு சிலவும் இருக்கின்றன. நாந்து என்ற துறைமுக நகரம் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றி விற்றுக் கொழுத்தது. அந்த நகரமே 2012-ல் தன் ஆற்றங்கரையில் அடிமை ஒழிப்பு நினைவிடம் ஒன்றைத் திறந்தது. அடிமைக் கப்பல்களின் சுமார் 1,700 பயணங்கள் கண்ணாடிப் பட்டைகளில் பொறிக்கப்பட்டு, நடைபாதையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. காய்கறி வாங்கப் போகிறவரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பாரிசில் நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோன் மண்டபத்தில், 2021 நவம்பர் 30 அன்று ஜோசஃபின் பேக்கருக்கு இடம் தந்தார்கள். அமெரிக்க நிறவெறியிலிருந்து தப்பி வந்த கறுப்பினப் பாடகி, நடனக் கலைஞர் அவர்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரம். வெள்ளையர் கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களுக்காக 2018-ல் அங்கே நினைவிடம் எழுப்பினார்கள். 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் மேலிருந்து தொங்குகின்றன. ஒவ்வொரு தூணும் கொலை நடந்த ஒரு மாவட்டம். அதில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள்.

இதைப் பார்த்துவிட்டு ஊருக்கு வரும் பிள்ளை, கீழ்வெண்மணியின் 44 பேரையும் மேலவளவின் 6 பேரையும் பள்ளிப் புத்தகம் எவ்வளவு சொல்கிறது என்று கேட்கும். சேஷாசலத்தில் இறந்த 20 பேருக்கு ஒரு கல்லாவது இருக்கிறதா என்று கேட்கும். வார இறுதிப் பயணம் இப்படிக் கேட்கவும் கற்றுக்கொடுக்கும்.

அங்கேயும் வரும் சாதி

வெளிநாடு போனால் சாதி ஒழிந்துவிடும் என்று நம்பிப் போக வேண்டாம். இந்தியர்கள் கூடும் இடத்தில் அது சுற்றி வளைத்து வரும். "ஊர் எது, எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், சைவமா அசைவமா?" எல்லாம் ஒரே கேள்விதான். இதனால்தான் 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் இதுவே முதல். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் ஆளுநர் கையெழுத்திட மறுத்துவிட்டார். சண்டை அங்கேயும் நடக்கிறது. போகும் பல்கலைக்கழகத்தின் விதி என்ன, யாரிடம் புகார் சொல்வது என்பதைப் போவதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

தனிமையும் உண்டு. நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். தங்கும் ஊர் சின்னதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கடைகூடத் திறந்திருக்காது. சோறும் குழம்பும் வைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிக் கவலை தீரும். சக உதவியாளர்களை ஒரு வேளை சாப்பாட்டுக்கு அழைத்தால் மீதிக் கவலையும் தீரும்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லிவிட வேண்டும். இது கடனை அடைக்கும் வேலை கிடையாது. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது. கிடைப்பது அனுபவமும் மொழியும் சான்றிதழும். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஆராய்ச்சி மாணவர் என்று பிறகு எங்கே விண்ணப்பித்தாலும் அந்தச் சான்றிதழ் நம்மோடு வரும்.

தடுப்பது எது?

முதலில் மொழி. நகரத்துத் தனியார் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காகவே பிரெஞ்சு எடுக்கிறார்கள். மலைப் பள்ளியில் அந்தப் பேச்சே இல்லை. புதுச்சேரி நமக்குத் தூரமில்லை. பிரெஞ்சு கற்பிக்கும் அமைப்புகள் அங்கே நூறாண்டுக்கும் மேலாக இருக்கின்றன. பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே தொடங்கினால் மூன்று ஆண்டில் பேசத் தேவையான அளவு வந்துவிடும். ஆங்கிலத் தேர்வுகளுக்கு ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குத் தாட்கோ இலவசப் பயிற்சி அறிவிக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது காகிதம். வீட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் குடியேற்ற அனுமதித் தொல்லை இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். கல்லூரி சேர்ந்ததும் இதை எடுத்து வைத்துவிட வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் நேரம் போதாது.

மூன்றாவது பணம். வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் தமிழக அரசு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்ல திட்டம். ஆனால் ஏழு மாத உதவி ஆசிரியர் வேலை பட்டப்படிப்பு இல்லை என்பதால் அதில் அடங்காது. போக வர விமானக் கட்டணமும் முதல் மாதச் செலவும் கையில் இல்லாத ஒரே காரணத்தால் நம் பிள்ளை வாய்ப்பை விட வேண்டியிருக்கும். இதற்கென்று ஒரு சிறு நிதியை ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை ஒதுக்க வேண்டும். மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் சனிக்கிழமை தோறும் ஓர் அயல்மொழி வகுப்பு நடத்த வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஜமுனாமரத்தூரிலேயே பாஸ்போர்ட் முகாம் போட வேண்டும். மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் முடிகிற காரியங்கள் இவை.

ஓர் எச்சரிக்கை. இந்த இரண்டு திட்டங்களுக்கும் ஏஜென்ட் கிடையாது. நேரடியாக நாமே விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்ற பேச்சை நம்பி லட்சங்களைக் கட்டி, கம்போடியாவிலும் மியான்மரிலும் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்ட தமிழக இளைஞர்களின் செய்தி 2022-லிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் மேஸ்திரியின் வேறு வடிவம்தான்.

ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 2024-ல் தன் 23-ஆம் வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். நம் மலைப் பெண் நீதிபதி ஆவார் என்று அதற்கு முன் எத்தனை பேர் நினைத்திருப்போம்? இப்போது மலையில் வழக்கறிஞர் படிப்பைப் பற்றிக் கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவர் போய் வந்தால் போதும், அடுத்தவருக்கு வழி தெரிந்துவிடும். இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆசிரியர்கள் நாளை வகுப்பில் இதை ஒரு முறை வாசித்துக் காட்டட்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் இந்த மாதமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கட்டும்.