ஜிபிஎஸ் நேரம் அறுந்த பிறகு

செல்போன் கோபுரங்கள் பல, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைக் கேட்டே தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன. வானத்தைப் பார்த்தபடி இருக்கும் சிறு வெள்ளை ஆன்டெனா அதற்காகத்தான். 5ஜி சேவையில் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில்தான் அனுப்புவதும் பெறுவதும் முறைவைத்து நடக்கின்றன. பக்கத்துக் கோபுரங்கள் ஒன்றுபோல முறை மாறாவிட்டால், தொலைவிலுள்ள கைபேசியின் மெல்லிய குரல் அடுத்த கோபுரத்தின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். ஆகவே பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ விநாடிக்கு மேல் எந்தக் கோபுரமும் விலகக் கூடாது. ஒளியே 450 மீட்டர்தான் போகக்கூடிய நேரம் அது.

சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை தரையைத் தொடும்போது நலிந்துபோயிருக்கும். ஆன்டெனா கேபிளில் தண்ணீர் புகுந்தாலோ, காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் ஜாமர் ஒன்று அருகில் கடந்தாலோ அறுந்துவிடும். அதன்பின் கடிகாரம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். பொறியாளர்கள் இதை 'ஹோல்டோவர்' என்பார்கள்.

நிற்க உதவுவது குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறதே, அதே இனம். வெயிலிலும் குளிரிலும் அதன் துடிப்பு மாறும் என்பதால், சிறு உலோகக் கூட்டுக்குள் வைத்து எப்போதும் ஒரே சூட்டில் காக்கிறார்கள். இயங்கும்போது தொட்டுப் பார்த்தால் கூடு கதகதப்பாக இருக்கும்.

அப்படியும் படிகத்துக்கு வயதாகும். துடிப்பு மெல்ல நகரும். உண்மையான திறமை இங்கேதான். சமிக்ஞை ஒழுங்காக வரும் நாட்களிலேயே, தன் படிகம் நாளுக்கு எவ்வளவு விலகுகிறது என்று கருவி கணக்கு வைத்துக்கொள்கிறது. அறுந்த பிறகு அந்தக் கணக்கைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது. பொருத்திய மறுநாளே சமிக்ஞையை இழக்கும் கடிகாரம் கற்றதும் குறைவு, தாக்குப்பிடிப்பதும் குறைவு.

துடிப்பில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு பிழை மிஞ்சினால், 1.5 மைக்ரோ விநாடி எல்லை நாலு மணி நேரத்தில் வந்துவிடும். பிழை அதில் பத்தில் ஒன்றானால் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். அதற்குப் பெரும்பாலும் ருபீடியம் அணுக்கடிகாரம் தேவைப்படும், விலையும் கூடும்.

ஃபைபர் வழியாக வேறோர் ஊரின் கடிகாரத்திலிருந்தும் நேரத்தைப் பெறலாம். பிடிபி என்ற முறை, செய்தி போகவும் வரவும் ஒரே நேரம் ஆகிறது என்று எடுத்துக்கொள்ளும். போகும் இழை வரும் இழையைவிட 200 மீட்டர் நீளமாக இருந்தாலே அரை மைக்ரோ விநாடி பிழை நுழைந்துவிடும்.

சமிக்ஞை இல்லாமல் போவதைவிடத் தவறாக வருவது ஆபத்து. 2016 ஜனவரி 26 அன்று பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றை விலக்கியபோது, வேறு சிலவற்றில் தவறான தரவு ஏறி, நேரம் சுமார் 13 மைக்ரோ விநாடி பிசகியது. சமிக்ஞையின் வலிமையில் எந்தக் குறையும் இல்லை. இத்தகைய நாளில், வானம் சொல்வதைத் தன் படிகத்தோடு ஒப்பிட்டு, நம்ப முடியாத தாவலை ஏற்க மறுக்கும் கடிகாரம்தான் தப்பும்.

சரியான சமிக்ஞை திரும்பியதும் நல்ல கருவி அதை உடனே பின்பற்றுவதில்லை. சிறிது நேரம் கவனித்து, சேர்ந்த பிழையைத் துளித் துளியாகக் கழிக்கும். ஒரேயடியாகத் தாவினால், ஓடிக்கொண்டிருக்கும் அழைப்புகள் அறுந்துபோகக்கூடும்.