கள்ளியில் குடியிருக்கும் மரங்கொத்தி

மரங்கொத்தி என்றதும் அடர்ந்த சோலையே நம் நினைவுக்கு வரும். ஆயின், அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்துள்ள சோனோரன் பாலைவனத்தில், 'ஹீலா மரங்கொத்தி' கள்ளியிலேயே கூடமைக்கிறது.

இதனை இனங்காண்பது எளிது. முதுகிலும் சிறகுகளிலும் வரிக்குதிரையைப் போன்ற கறுப்பு வெள்ளைப் பட்டைகள். தலையும் மார்பும் வெளிர்பழுப்பு. ஆணின் உச்சியில் சிறிய சிவப்புத் திட்டு உண்டு, பெண்ணுக்கு இல்லை. அதே கள்ளிகளில் வாழும் மற்றொரு மரங்கொத்தி இனம் இதனினும் பெரியது. அதன் மார்பில் கரும்பிறை வடிவமும், சிறகின் அடியில் மஞ்சள் நிறமும் காணப்படும்.

ஓங்கி வளர்ந்த சகுவாரோ கள்ளியைக் குடைந்ததும் ஹீலா மரங்கொத்தி உடனே குடியேறுவதில்லை. ஈரமான உட்சுவர் உலர்ந்து ஓடுபோல் இறுகுவதற்குச் சில மாதங்கள் ஆகும், அதுவரை காத்திருக்கிறது. கள்ளியின் நீர் வீணாகாமல் காப்பதும் அவ்வோடே. பறவை அகன்றபின் சிறு ஆந்தைகள் அப்பொந்தில் குடிபுகுகின்றன. கள்ளி மடிந்த பின்னும் எஞ்சும் ஓட்டை அப்பகுதித் தொல்குடியினர் கலமாகப் பயன்படுத்தினர்.

முதிர்வுக் காலம் வரை பொறுத்திருப்பதன் பயனை வைப்புத்தொகை வைத்திருக்கும் நாம் நன்கறிவோம். சகுவாரோ ஒரு நூற்றாண்டைக் கடந்தும் வாழ்வது. மிக மெதுவாக வளர்வது. அத்தகைய கள்ளியொன்றை வெட்டி வீழ்த்தினால், பல உயிர்களின் நெடுங்காலச் சேமிப்பே அழிந்துபோகும்.