கோதுமைக்குக் காவலான காட்டுப்புல்

மும்பையில் செம்பூரைத் தாண்டிக் கிழக்கே போனால் டிராம்பே. அங்குள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் என்றதும் பலருக்கும் அணு உலைதான் நினைவுக்கு வரும். அங்கே பல பத்தாண்டுகளாகப் பயிர் ஆராய்ச்சியும் நடக்கிறது. கதிர்வீச்சின் துணையோடு உருவாகி விவசாயிகள் கைக்குப் போன ரகங்கள் 70-க்கும் மேல். மகாராஷ்டிரத்து உளுந்து வயல்களில் நெடுங்காலம் கோலோச்சிய டி.ஏ.யு-1 அங்கே பிறந்ததுதான். மாட்டுங்காவில் இட்லி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அந்த உளுந்தை அறியாமலே உண்டிருப்பார்கள். ஆனால் டிராம்பே கோதுமையில் செய்திருக்கும் வேலை அவ்வளவாக வெளியே தெரியவில்லை. தாராவியிலும் செம்பூரிலும் சப்பாத்தி தட்டாத வீடு இன்று அரிது என்பதால், அதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோதுமையின் பரம்பரை எதிரி துரு நோய். மராட்டிய விவசாயி இதைத் ‘தாம்பேரா’ என்பார். தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு என்று மூன்று வகை, மூன்றும் பூஞ்சைகள். இலையையும் தண்டையும் தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டும். அந்தப் பொடி முழுக்க வித்துகள். ஒரு வித்து முளைப்பதற்கு இலைமேல் சில மணி நேரம் ஈரம் நின்றால் போதும், பனி ஈரமே போதும். முளைத்தது இலைத்துளை வழியாக உள்ளே புகுந்து, செடியின் சாற்றை உறிஞ்சிப் பெருகி, ஓரிரு வாரத்தில் மீண்டும் பொடியாக வெடித்துக் காற்றில் ஏறிவிடும்.

வடநாட்டுச் சமவெளியின் மே மாத வெயிலில் இந்த வித்துகள் பிழைப்பதில்லை. பிறகு எப்படி ஆண்டுதோறும் நோய் திரும்புகிறது? ஆக்ராவில் பணியாற்றிய பேராசிரியர் கே. சி. மேத்தா தம் வாழ்நாளையே இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். குளிர்ந்த மலைகளில் கோடையைக் கழிக்கும் துரு, பருவம் வந்ததும் சமவெளிக்கு இறங்குகிறது என்று அவர் நிறுவினார். தண்டுத் துருவுக்கு அந்தப் புகலிடம் நம் நீலகிரியும் பழனி மலையும். 1970-களில் எஸ். நாகராஜனும் அவரோடு உழைத்தவர்களும் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். நவம்பரில் வங்கக்கடலில் எழும் புயல் நீலகிரி வித்துகளை ஏந்திச் சென்று, நடு இந்தியாவில் மழையோடு மழையாக வயலில் இறக்கிவிடுகிறது. தமிழ்நாட்டுக்கு மழை தரும் அதே புயல்தான்.

குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் 1954-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தன் நிலையத்தை அமைத்ததற்குக் காரணம் இதுதான். ஆண்டு முழுவதும் துரு வாழும் இடத்தில் எந்தச் செடி தாக்குப்பிடிக்கிறதோ, அதை நம்பிச் சமவெளிக்கு அனுப்பலாம். அங்கே உருவான எச்.டபிள்யூ. 2004 என்ற ரகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மானாவாரியில் நிலத்து ஈரத்தை மட்டும் நம்பி விளைவதும், சப்பாத்திக்குப் பெயர் போனதும் சி-306 என்ற பழைய ரகம். ஆனால் அது துருவுக்கு எளிதில் பலியாகும். அதனோடு திரும்பத் திரும்பக் கலப்புச் செய்து, அதன் குணம் மாறாமல், அக்ரோபைரான் என்ற முரட்டுப் புல்லிலிருந்து வந்த ஒரு மரபணுத் துண்டை உள்ளே வைத்தார்கள். எஸ்.ஆர்.24, எல்.ஆர்.24 என்ற இரண்டு எதிர்ப்பு மரபணுக்கள் அந்தத் துண்டில் ஒட்டியே இருக்கின்றன. முன்னது தண்டுத் துருவையும் பின்னது இலைத் துருவையும் தடுக்கும். வறட்சியைப் பொறுக்கும் குணம் கோதுமையுடையது, நோயைப் பொறுக்கும் குணம் புல்லுடையது.

காட்டில் வளரும் புல்லுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? கோதுமையின் நெருங்கிய உறவான இன்னொரு காட்டுப்புல்லைப் பார்த்தால் புரியும். கோதுமையின் மூதாதையான காட்டு எம்மர் இன்றும் இஸ்ரேல், சிரியா, துருக்கிப் பகுதிகளில் தானாக வளர்கிறது. குளிர்காலத்தில்தான் அங்கே மழை. மழையில் முளைத்து, வறட்சிக்கு முன் முற்றி உதிர்ந்துவிடும். அதன் மணியில் நீண்ட கூர்கள் இரண்டு உண்டு. பகல் வெயிலில் அவை விரியும், இரவு ஈரத்தில் ஒன்றுகூடும். நாள்தோறும் நடக்கும் இந்த அசைவே மணியை மண்ணுக்குள் தள்ளிவிடுகிறது என்று 2007-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மழையோடு இவ்வளவு நெருங்கி வாழும் செடி, மழையும் பனியும் கொண்டுவரும் பூஞ்சையோடும் பல்லாயிரம் ஆண்டுகள் போராடித்தான் பிழைத்திருக்கிறது. மேல் கலிலேயாவில் எடுத்த காட்டு எம்மரிலிருந்து வந்த ஒய்.ஆர்.15 இன்றும் மஞ்சள் துருவுக்கு எதிரான வலுவான மரபணுக்களில் ஒன்று. எதிர்ப்புள்ள செடியில் பூஞ்சை நுழைந்ததும் அந்த இடத்துச் செல்கள் தாமே மடிந்துவிடும். உயிருள்ள செல்லை உண்டே வாழும் துரு அங்கே பட்டினியால் சாகும்.

தூரத்து உறவான புல்லின் குரோமோசோம் கோதுமையின் குரோமோசோமோடு லேசில் கலக்காது. 1956-இல் அமெரிக்காவின் எர்னஸ்ட் சியர்ஸ் அதற்கும் வழி கண்டார். ஏஜிலாப்ஸ் என்ற காட்டுப்புல்லின் எதிர்ப்புக் குணத்தைக் கோதுமைக்குள் கொண்டுவர, கதிர்வீச்சால் குரோமோசோமை உடைத்து ஒட்ட வைத்தார். கலக்கும்போது வேண்டாததும் கூடவே வரும். ஒரு புல்லிலிருந்து வந்த எல்.ஆர்.19 மாவை மஞ்சளாக்கியது. ரை தானியத்திலிருந்து வந்த துண்டு மாவைப் பிசுபிசுக்க வைத்தது.

அந்த ரை துண்டில் இருப்பதுதான் எஸ்.ஆர்.31. உலகெங்கும் தண்டுத் துருவைப் பல்லாண்டு அடக்கி வைத்த மரபணு. நம் பஞ்சாபில் 1995-இல் வெளிவந்து பல லட்சம் ஹெக்டேரில் பரவிய பி.பி.டபிள்யூ. 343-லும் அது உண்டு. இத்தனை வயல்களை ஒரே காவலாளியை நம்பி விட்டது பெரும் பிழை என்பது என் கருத்து. உகாண்டாவில் கண்டறியப்பட்டு 1999-இல் ‘யூ.ஜி.99’ என்று பெயர் பெற்ற தண்டுத் துரு, எஸ்.ஆர்.31-ஐ வென்றுவிட்டது. 2007-க்குள் அது ஈரானை எட்டியது. கென்யாவில் அதன் புதிய வடிவங்கள் எஸ்.ஆர்.24-ஐயும் உடைத்தன. பி.பி.டபிள்யூ. 343-ஐ வீழ்த்தியதோ மஞ்சள் துரு.

இனி ஒரு செடிக்குள் இரண்டு, மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து வைத்தால்தான் பூஞ்சை எளிதில் மீற முடியாது. ஆனால் ஒன்று நோயைத் தடுத்துவிட்டால் மற்றது உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. யூ.ஜி.99-ஐ இங்கே கொண்டுவந்து சோதிக்கவும் கூடாது. இந்திய ரகங்கள் சோதனைக்காகக் கென்யாவின் என்ஜோரோவுக்குப் போகின்றன. இங்கேதான் டிராம்பே வருகிறது. எஸ்.ஆர்.31 ஒரு செடியில் இருக்கிறதா, தாய் தந்தை இருவழியிலும் வந்திருக்கிறதா, ஒருவழியில் மட்டுமா என்று ஒரு துளி டி.என்.ஏ.வைக் கொண்டே சொல்லும் அடையாளத்தை அதன் விஞ்ஞானிகள் 2006-இல் வெளியிட்டார்கள். நாற்றுப் பருவத்தில் ஒரு சிறு இலை போதும், நோய்க்காகக் காத்திருக்க வேண்டாம்.

இந்த மரபணுக்களைத் தேட எப்போதும் கலிலேயாவுக்குப் போக வேண்டியதில்லை. சாங்லி, சாத்தாரா, கோலாப்பூர் பக்கம் விளையும் கப்லிக் கோதுமை, மனிதர் பயிராக்கிய எம்மர் இனம். நீலகிரியில் சம்பா கோதுமை என்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஸ்டாக்மன் தண்டுத் துருவின் இனங்களைப் பிரித்தறியத் தேர்ந்தெடுத்த 12 கோதுமைகளில் ஒன்று ‘கப்லி’. அதிலுள்ள எஸ்.ஆர்.13 என்ற மரபணு யூ.ஜி.99-ஐயும் எதிர்க்கிறது.

ஆனால் கப்லியின் உமி லேசில் உரியாது, குத்தித்தான் எடுக்க வேண்டும், விளைச்சலும் குறைவு. விவசாயிகள் அதைக் கைவிட்டுக்கொண்டே வருகிறார்கள். விதைக் கிடங்கின் குளிர்ப் பெட்டியில் இருப்பது காப்பு மட்டுமே. வயலில் ஆண்டுதோறும் புதிய துருவைச் சந்தித்துக்கொண்டிருக்கும் பயிர்தான் அதனோடு சேர்ந்து மாறும். இதில் நமக்கும் வேலை உண்டு. மாட்டுங்கா, செம்பூர்க் கடைகளில் கப்லி மாவையும் ரவையையும் கேட்டு வாங்குங்கள். க்ளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாது, அதிலும் க்ளூட்டன் உண்டு. மற்றவர்கள் மாதம் ஒரு கிலோ வாங்கினாலும் போதும். வாங்க ஆளிருந்தால்தான் சாங்லி விவசாயி அடுத்த ரபி பருவத்திலும் அதை விதைப்பார்.